எங்கள் முறைக்கு வந்த படகுத்துறை

புருஷன் பேரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று எங்கள் குப்பத்துப் பெண்கள் பயப்படுவார்கள். இரண்டு கிட்னியும் போனபிறகு அதற்கு வேறு பயந்து என்ன ஆகப்போகிறது? சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரர் பேர் மாரி. நான் தெய்வநாயகி. ஊர் ஒத்தப்பனைக் குப்பம். பழவேற்காடு ஏரியில் ஒரு மணல்திட்டின் மேல் இருக்கிறோம். ஒரு தலைவலி மாத்திரை வேண்டுமென்றாலும் படகேறி அக்கரைக்குப் போகவேண்டும். பெரிய வியாதி என்றால் அங்கிருந்து பஸ் பிடித்துப் பொன்னேரி.

வாரத்தில் இரண்டு நாள் மாரியை டயாலிசிஸுக்குக் கொண்டுபோகிறேன். கூட்டிப்போகிறேன் என்று சொல்லவில்லை, கொண்டுபோகிறேன். எங்கள் பக்கம் படகு கரையைத் தொடாது. நடுவில் முழங்கால் வரைக்கும் சேறு. பிளாஸ்டிக் நாற்காலியில் அவரை உட்காரவைத்து, இரண்டு பக்கமும் இரண்டு ஆள் பிடித்துத் தூக்கி, சேற்றில் தள்ளாடித் தள்ளாடிப் போய் ஃபைபர் போட்டுக்குள் இறக்குவார்கள். அந்த நேரத்தில் மாரி கண்ணை இறுக்கி மூடிக்கொள்வார். விழுந்துவிடுவோம் என்று பயப்படுகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். பயமில்லை, வெட்கம். வலைக்கம்புகளைத் தோளில் அடுக்கிக்கொண்டு அதே சேற்றில் பாட்டுப் பாடிக்கொண்டு போன ஆள் அவர்.

"செத்தா நாலு பேரு தூக்குறாங்க, சரி. உசுரோட கீறப்பவே இன்னாத்துக்குமே தூக்கணும்?" என்று ஒருநாள் கேட்டார். செத்துப்போவதைப் பற்றி அவருக்குப் பெரிய கவலை கிடையாது. தன் காலால் நடந்து படகேறவேண்டும், அவ்வளவுதான் அவர் கேட்டது.

சத்யா டீச்சர் எங்கள் கரைக்கு வந்தது அந்தச் சமயத்தில்தான். ஆர்க்கிடெக்ட் என்றார்கள். வீடு கட்டித்தரப்போகிறார் என்று நினைத்து நாலைந்து பேர் ரேஷன் கார்டோடு ஓடிவந்தார்கள். வீடு இல்லையாம். ஜனங்கள் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போகிறார்களே, அதற்கு வேண்டிய பஸ் நிலையம், ரயில்வே ஸ்டேஷன், படகுத்துறை, இவற்றை வரைந்து தருவாராம். சென்னையில் காலையில் காலேஜில் பாடம், மத்தியானத்துக்குமேல் சொந்த ஆபீஸ், மிச்ச நேரத்தில் ஆராய்ச்சி. ஒரே ஆளுக்கு மூன்று வேலையா என்று எல்லாரும் வாயைப் பிளந்தார்கள். நாங்களும்தான் விடிந்தால் மீன் விற்கிறோம், வந்து சோறாக்குகிறோம், அப்புறம் நண்டு பொறுக்குகிறோம். எங்களுக்கு யாரும் டாக்டர் பட்டம் கொடுக்கவில்லை.

ஆனால் ஆளைக் குறை சொல்லமுடியாது. மீன் விற்கும் பெண்கள் எப்படிப் போய்வருகிறார்கள் என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. அதற்காக எங்களோடு கூடையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினார். நாற்றம் அடிக்கிறது என்று கண்டக்டர் எங்களை இறக்கிவிட்டபோது, 'நான் ஆராய்ச்சிக்கு வந்தவள்' என்று சொல்லி உள்ளேயே உட்கார்ந்துகொள்ளவில்லை. எங்களோடு இறங்கி, வெயிலில் நின்று, அடுத்த பஸ்ஸிலும் எங்களோடு திட்டு வாங்கினார். அன்றைக்கே அவர் எங்கள் ஆள் ஆகிவிட்டார்.

மாரியை நாற்காலியில் தூக்கிப்போவதைப் பார்த்த அன்று மாலை வீட்டுக்கு வந்தார். அவரோடு மூன்று மாணவர்கள். மாரியை வாசல் பந்தலின்கீழ் நிற்கவைத்துக் கையை நீட்டச் சொன்னார்கள். எந்த உயரத்தில் பிடித்தால் பிடி நழுவாது என்று அளந்தார்கள். காலைத் தூக்கச் சொன்னார்கள். முதலில் ஒரு பலகை வைத்துப் பார்த்தார்கள், சுலபமாக ஏறினார். பிறகு ஒரு செங்கல்லை வைத்தார்கள். மூச்சு வாங்கினாலும் அதன்மேல் பாதத்தை வைத்துவிட்டார்.

"இதுதான் படி உயரம். இதுக்குமேல ஒரு விரல்கூட வைக்கமாட்டேன். போதுமாண்ணா?" என்று டீச்சர் கேட்டார்.

"இன்னாங்க டீச்சரம்மா, துணி தைக்க அளவெடுக்கிற மாதிரி எடுக்கிறீங்க!" என்று மாரி சிரித்தார். நோய் வந்தபிறகு அவர் பல் தெரியச் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். அவர்கள் போனபிறகும் அந்தச் செங்கல்லை எடுத்துப்போட விடவில்லை. வாசலிலேயே கிடந்தது. வருகிறவர்களிடமெல்லாம், "துறை வருது, என் கால் அளவுக்கு" என்று காட்டுவார்.

டீச்சர் வரைந்தது மிதவைத் துறை. டிரம்களைக் கட்டி, மேலே பலகை போட்டு, தண்ணீரோடு ஏறி இறங்குகிற மாதிரி. சர்க்கார் விடப்போகிற சர்வீஸ் போட்டு, அதாவது பஸ் மாதிரி நேரத்துக்கு வந்துபோகிற பெரிய படகு, அதில் வந்து ஒட்டி நிற்கும். கரையிலிருந்து சாய்வான நடைபாலம். மழைக்காலத்தில் வெள்ளம் வந்தால் அவிழ்த்து எங்கே வேண்டுமானாலும் இழுத்துக் கட்டிவிடலாம் என்று டீச்சர் தன் வாயாலேயே கூட்டத்தில் சொன்னார். அந்த ஒரு வார்த்தையை இரண்டு குப்பத்துக்காரர்களும் முடிந்துவைத்துக்கொண்டார்கள்.

இரண்டு குப்பம் என்றேனே, எங்களுக்கு எதிரே ஓடைக்கு அந்தப் பக்கம் எதிர்மேடு இருக்கிறது. நடந்துபோக வழியில்லை, படகில்தான் போகவேண்டும். ஒரு துறைக்குத்தான் பணம் இருக்கிறது என்று சர்க்காரில் சொல்லிவிட்டார்கள். எங்களுக்கா, எதிர்மேட்டுக்கா? டீச்சர் வரைபடத்தை விரித்து, எத்தனை பேர் எந்த நேரத்தில் எங்கே போகிறார்கள் என்று கலர் கலராகக் கோடு காட்டினார். அதைப் பார்த்தால் இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட சமம். எங்கள் ஊர்த் தலைவர் கண்ணப்பனும் எதிர்மேட்டுத் தலைவர் பால்ராஜும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "சீட்டு போட்டுர்லாம்" என்றார்கள்.

இந்த இடத்தில் எங்கள் வழக்கத்தைச் சொல்லவேண்டும். ஏரியில் இறால் நன்றாக ஓடுகிற இடங்களுக்குப் பாடு என்று பேர். எல்லாரும் ஒரே நாளில் போய் வலை கட்டினால் மண்டை உடையும். அதனால் சீட்டு எடுத்து முறை வைப்போம். உன் முறையன்று நீ கட்டலாம், மறுநாள் அடுத்தவன். அவன் முறையில் நீ ஒரு கம்பு ஊன்றினாலும் அது திருட்டு. சீட்டில் பின்னால் வந்தவன் தோற்றவன் இல்லை. அவனுக்கும் அவன் நாள் உண்டு, கொஞ்சம் பொறுக்கவேண்டும், அவ்வளவுதான். எங்கள் ஊரில் சீட்டு எடுத்து எவனும் எதையும் இழந்தது கிடையாது.

இரண்டு ஊருக்கும் பொதுவான ஆள்தான் சீட்டு எடுக்கவேண்டும். டீச்சர் எடுத்தார். எதிர்மேடு வந்தது. எங்கள் ஆட்கள் ஒரு முணுமுணுப்புக்கூட இல்லாமல் வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்தார்கள். டீச்சருக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. "எவ்வளவு பெருந்தன்மை அக்கா உங்க ஊருக்கு!" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். பெருந்தன்மையா? எங்களுக்கா? அடுத்த தை மாசம் மிதவை எங்கள் கரைக்கு வந்துவிடும் என்ற தைரியம்தான். அது யாருக்கும் சொல்லிப் புரியவைக்கவேண்டிய விஷயமாகத் தோன்றவில்லை. சூரியன் கிழக்கே உதிக்கும் என்று யாராவது கூட்டத்தில் எழுந்து சொல்வார்களா?

மாரியும் கணக்குப் போட்டுக்கொண்டார். "ஒரு வருசம்தானேமே. தாங்கிக்கினா போச்சு."

டீச்சர் இதைக் கட்டுரையாக எழுதினாராம். ஜனங்களே சீட்டுப் போட்டு இடம் தேர்ந்தெடுத்தார்கள் என்று. எங்கேயோ வெளிநாட்டில் கைதட்டினார்களாம். காலேஜில் அதைப் பாடமாகவும் எடுத்தாராம்.

வேலை தொடங்கியபோது எதிர்மேட்டில் டிரம் வந்து இறங்கவில்லை. கம்பி வந்தது. ஜல்லி வந்தது. ஏரிக்குள் தூண் இறக்கினார்கள். மிதவை என்றால் பார்த்துக்கொள்ள ஆள் போடவேண்டும், கான்கிரீட் என்றால் கட்டிவிட்டு மறந்துவிடலாம் என்று மேலே முடிவு செய்துவிட்டார்களாம். டீச்சர் சண்டை போட்டிருக்கிறார். கைப்பிடி உயரத்தையும் படி உயரத்தையும் மட்டும் விட்டுவைத்தார்கள். தூண் இறக்குவதைப் பார்க்க அவர் வந்தபோது கண்ணப்பன் என்னையும் அழைத்துக்கொண்டு போய் நேராகக் கேட்டார்.

"டீச்சரம்மா, இத்த எப்டி இழுக்கறது?"

"எதுக்கு இழுக்கணும்?"

"அடுத்த வருசம் எங்க மொறையாச்சே."

டீச்சர் கண்ணப்பனைப் பார்த்தார், தூணைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவர் முகம் வெளுத்துக்கொண்டே வந்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அப்படியே ஜல்லிக் குவியல்மேல் உட்கார்ந்துவிட்டார். "இடத்தைத்தானே சீட்டுல எடுத்தோம்?" என்று மெதுவாகக் கேட்டார். கண்ணப்பனுக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. அவர் எடுத்தது இடத்துக்கு, நாங்கள் எடுத்தது முறைக்கு. விளங்கி என்ன செய்ய?

அதன்பிறகு அவர் ஏறாத ஆபீஸ் இல்லை. எங்களுக்கு ஒரு சின்ன மிதவையாவது தாருங்கள் என்று கேட்டார். வரைந்து கொடுத்ததோடு உங்கள் வேலை முடிந்தது என்றார்களாம். அப்படியானால் ஆராய்ச்சிக்காரியாகக் கேட்கிறேன் என்றால், அறிக்கை அனுப்புங்கள், பார்க்கிறோம் என்றார்களாம். மூன்று வேலை பார்க்கிற மனுஷி, மூன்று வாசலிலும் நின்று பார்த்துவிட்டு வெறுங்கையோடு வந்தார். வந்ததற்கு ஒரு டம்ளர் டீ கொடுத்தேன். வேறு என்ன கொடுப்பது?

முதல் வருஷம் எதிர்மேட்டுக்காரர்கள் துறையை நன்றாக அனுபவித்தார்கள். சர்வீஸ் போட்டு நிழல்கூரையோடு வந்து நிற்கும். அவர்கள் வீட்டுப் பெண்கள் புடவை நனையாமல் கூடையோடு ஏறுவார்கள். நாங்கள் சேற்றில் நின்றுகொண்டு பார்ப்போம். எங்களுக்குப் பொறாமை இல்லை என்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் அவர்கள் முறை, நாங்கள் ஒருவரும் அதில் கால் வைக்கவில்லை.

தை பிறந்தது. எங்கள் முறை வந்தது. துறை எதிர்மேட்டிலேயே நின்றது.

அன்று காலை மாரியை ஏற்றிக்கொண்டு ஃபைபர் போட்டில் அந்தப் பக்கமாகப் போகிறேன், எதிர்மேட்டுப் பெண்கள் சேற்றில் இறங்கி வருகிறார்கள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு, பழையபடி. அவர்கள் முறை முடிந்துவிட்டதே. துறை பக்கத்திலேயே ஆள் இல்லாமல் நிற்கிறது. சர்வீஸ் போட்டு வந்து ஹாரன் அடித்துவிட்டுக் காலியாகப் போகிறது.

"இன்னா நாயகி, உங்க மொற வந்துருச்சே, எடுத்துக்கினு போலியா?" என்று அவர்களில் அமுதவல்லி என்பவள் கத்தினாள். அவள் கேலி செய்கிறாள் என்று எல்லாரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே சேற்றில் நடந்தார்கள். அவர்களோடு ஒரு பிள்ளைத்தாய்ச்சியும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு போனாள்.

துறை நம் கரைக்கு வந்தால்தான் ஏறுவோம் என்று எங்கள் ஆட்கள் இருந்துவிட்டார்கள். எங்கள் முறைதானே, நாமாவது போய் ஏறுவோம் என்று நான் மாரியிடம் மன்றாடினேன். பலநாள் மறுத்தார். அவர்கள் ஊரில் போய் ஏறினால் பிச்சை கேட்டமாதிரி இருக்கும் என்றார். கடைசியில் என் தொல்லை தாங்காமல் சரியென்றார். படகைத் துறை ஓரத்தில் கொண்டுபோய் நிறுத்தினோம். கோடைக்காலம், ஏரியில் தண்ணீர் வற்றி இறங்கிக் கிடந்தது. மிதவையாக இருந்தால் அதுவும் கூடவே இறங்கியிருக்கும். பெரிய சர்வீஸ் போட்டின் உயரத்துக்குக் கட்டிய கான்கிரீட் எங்கே இறங்கும்? டீச்சர் அளந்து வைத்த படி எங்கள் தலைக்கு மேலே இருந்தது. மாரி கை அளவுக்கு வைத்த கைப்பிடி அதற்கும் மேலே. மாரி அண்ணாந்து பார்த்தார். பாசி பிடித்த தூணை ஒருதரம் தொட்டுப் பார்த்தார். "போலாம் உடு" என்றார். நான் படகில் உட்கார்ந்து ஏரி கேட்க அழுதேன்.

சர்வீஸ் போட்டு தினமும் காலியாகப் போனால் யார் விடுவார்கள்? துறையை எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்று எண்ணிப்பார்க்கச் சொல்லி உத்தரவு வந்தது. எப்படி எண்ணவேண்டும் என்று முறை வகுத்துக் கொடுத்தவர் யார்? சத்யா டீச்சர்தான், பழைய ஆராய்ச்சியில். அவருடைய மாணவர்களே துறையில் குடைபிடித்து உட்கார்ந்தார்கள். எண்ண ஓர் ஆள் வரவில்லை. அந்தப் பிள்ளைகளுக்கு எதிர்மேட்டுக்காரர்கள் மோர் கொடுத்தார்கள், துறைமேல் ஏறாமல், கீழே சேற்றில் நின்றபடி கையை நீட்டி.

டீச்சர் பதறிக்கொண்டு ஓடிவந்தார். இரண்டு ஊரையும் கூட்டினார். ஆண்கள் மணலில் உட்கார்ந்தார்கள், நாங்கள் வலை உலர்த்தும் பக்கம் நின்றோம்.

"பால்ராஜ் அண்ணே, போட்டை நிறுத்தப்போறாங்க. யாராவது ஏறுங்க. அது கவர்மெண்ட் கட்டின துறை, யார் வேணும்னாலும் ஏறலாம்."

"ஏரியும் கவர்மெண்ட் ஏரிதான் டீச்சரம்மா. அதுக்காவ அடுத்தவன் மொறையில வல கட்டிருவமா?" என்றார் பால்ராஜ். அவர் குரலில் கோபம்கூட இல்லை. சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொன்னார்.

டீச்சர் கண்ணப்பன் பக்கம் திரும்பிக் கையெடுத்துக் கும்பிட்டார். "நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. 'ஏறிக்கோங்க'ன்னு சொல்லிட்டா அவங்க ஏறுவாங்க."

கண்ணப்பன் மணலைக் கிளறிக்கொண்டே சொன்னார். "சொல்றதுக்கு அது என் மொறையா? ஊரு மொற. இன்னிக்குத் துறைய உட்டா, நாளைக்குப் பாட்ட உடுன்னு எவனாச்சும் வந்து நிப்பான். அப்போ இன்னா பதில் சொல்வேன்?"

எனக்குப் பொறுக்கவில்லை. "எங்க ஊட்டு ஆளு போய்ச் சேர்ற வரைக்கும் மொற பேசிக்கினே இருங்க! நமக்குத்தான் இல்ல, அவங்களாச்சும் ஏறட்டுமே! புள்ளத்தாச்சி சேத்துல போவுறா, கண்ணு தெரியலியா?" என்று கத்தினேன்.

"ஒக்காரு நாயகி" என்றார் கண்ணப்பன். அதட்டவில்லை. அவர் கண்ணும் கலங்கியிருந்தது. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். ஒருத்தனாவது கெட்டவனாக இருந்தால் நாலு வார்த்தை திட்டி மண்ணை வாரித் தூற்றியிருப்பேன். அத்தனை பேரும் நியாயஸ்தர்கள். ஒருவன் சொத்துக்கு ஒருவன் ஆசைப்படாத நியாயஸ்தர்கள் சேர்ந்து ஒரு படகை நிறுத்தினார்கள்.

ஆவணியில் சர்வீஸ் போட்டு நின்றது. 'தேவை இல்லை' என்று எழுதினார்களாம். துறைமேல் நீர்க்காகங்கள் உட்கார்ந்து எச்சமிட்டன. அவற்றுக்கு முறை கிடையாது.

அடுத்த தை வந்ததும் கண்ணப்பன் டீச்சருக்குப் போன் போட்டார். இரண்டு ஊருக்கும் ஒரு சுற்று முடிந்துவிட்டது, புதுச் சீட்டு எடுக்கவேண்டும், முதலில் எடுத்த கைதான் எடுக்கவேண்டும் என்று. படகே இல்லையே, எதற்குச் சீட்டு என்று டீச்சர் கேட்டிருக்கிறார். "துறை நிக்குதேம்மா. மொற இல்லாம எப்டி உடுறது?" என்றாராம் கண்ணப்பன். டீச்சர் வந்தார். வராமல் இருந்திருக்கலாம், யாரும் ஒன்றும் செய்திருக்கமுடியாது. ஆனாலும் வந்தார். முடி பாதி நரைத்துவிட்டிருந்தது.

குடத்துக்குள் கையை விட்டார். எடுத்துப் பிரித்தார். பால்ராஜ் எட்டிப் பார்த்துவிட்டு, "ஒத்தப்பன!" என்று உரக்கச் சொன்னார். எங்கள் ஆட்கள் வழக்கம்போலக் கைதட்டினார்கள். எதிர்மேட்டுக்காரர்கள் வந்து கண்ணப்பனின் தோளைத் தட்டிவிட்டுப் போனார்கள். டீச்சர் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். அவரைத் தேற்ற எனக்குத் தெம்பில்லை. "வாங்க, ஊட்டுக்குப் போலாம்" என்று மட்டும் சொன்னேன்.

மாரி வாசல் பந்தலின்கீழ் கட்டிலில் படுத்திருந்தார். கைதட்டல் கேட்டிருக்கிறது.

"யாருக்கு வந்துச்சு?"

"நமக்குத்தான்யா. மொத மொற."

மெல்ல எழுந்து உட்கார்ந்தார். காலைத் தொங்கப்போட்டார். வாசலில் அந்தச் செங்கல் அப்படியே கிடந்தது. கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நின்று, அதை நோக்கி ஓர் அடி வைத்தார். பாதத்தைத் தூக்கினார். வீங்கிய பாதம் செங்கல்லின் பக்கவாட்டில் இடித்து நின்றது. இன்னொரு தரம் தூக்கினார். பாதி உயரம்கூட வரவில்லை. நான் ஓடிப்போய் அவர் அக்குளில் கைகொடுத்தேன்.

பிறகு என் பக்கம் திரும்பி, ரகசியம் மாதிரி சொன்னார்.

"நம்ம கரைக்குத் துறை வரச்சொல்ல, படிய இன்னும் கொஞ்சம் தாழ்வா வெக்கணும்னு டீச்சருகிட்ட சொல்லுமே."

டீச்சர் என் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தார்.